எங்கள் தெருவுக்கு ஆய்வாளர்கள் வந்தால்: பெங்களூர்த் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

பதினோரு வருடங்களாக பெங்களூரின் கிழக்குப் பக்கத் தெருக்களில், ஏரி, சாக்கடை, குடிநீர் பற்றி ஆய்வு செய்ய வருகிறவர்களோடு நடக்கிறேன். அவர்கள் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் கேட்பதும், தெரு சொல்வதை அவர்களுக்குப் புரியவைப்பதும் என் வேலை. கன்னடம் பேச ஆள் எளிதாகக் கிடைத்துவிடும். திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இங்கே வாழும் குடும்பங்களிடம் பேச என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுவார்கள்.

எந்தத் தெருவுக்குப் போனாலும் வாசலில் நிறுத்தி அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். சமீபமாகத் தமிழ் மாணவர்களும் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் அவரவர் வார்த்தையிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

"கழுத்துல ஐடி கார்டு மாட்டிக்கிட்டு சர்வேன்னு வராங்க. யாரு இவங்க? கவர்ன்மென்ட் ஆளுங்களா?"

பெரும்பாலும் இல்லை. பல்கலைக்கழக மாணவர்களாகவோ, ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை செய்பவர்களாகவோ, தொண்டு நிறுவனத்தினராகவோ இருப்பார்கள். இந்திய அறிவியல் கழகம், ஏட்ரீ என்ற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனம், அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் என்று இந்த ஊரின் ஏரிகளையும் தண்ணீரையும் ஆராய்கிற இடங்கள் பல இருக்கின்றன.

வந்தவரிடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். எந்த நிறுவனம், ஆய்வுக்குப் பணம் கொடுப்பது யார், பொறுப்பான பேராசிரியர் யார், அவருடைய போன் நம்பர் என்ன. இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்.

"ஏரியில மீன் செத்தா ஏரியத்தானே பாக்கணும்? எதுக்கு எங்க வீட்டுக்கு வந்து சோப்பு, பாத்ரூம், டேங்கர்னு கேக்கறாங்க?"

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிற மேட்டு ஊர். பெரிய ஆறு எதுவும் இதன் வழியாக ஓடவில்லை. அதனால்தான் முன்னோர்கள் மழைத் தண்ணீரைத் தடுத்து ஏரிகளை வெட்டினார்கள். ஒரு ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அந்தக் கால்வாயைத்தான் இங்கே ராஜகாலுவே என்கிறோம். இப்போது அதில் மழைநீரை விடச் சாக்கடைதான் அதிகம். குடிக்கிற தண்ணீரோ சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் காவேரியிலிருந்து, பாதி கிலோமீட்டர் உயரத்துக்கு மோட்டார் வைத்து ஏற்றி வருகிறது.

பெல்லந்தூர் ஏரியில் பனிமலை மாதிரி நுரை எழுந்து ரோட்டில் பறந்ததைப் பார்த்திருப்பீர்கள். துணி துவைக்கிற பவுடரில் இருக்கும் ரசாயனமும் சுத்திகரிக்காத கழிவுநீரும் ஏரியில் சேர்ந்து, தண்ணீர் வெளியே விழுகிற இடத்தில் கலக்கப்பட்டு நுரையாகிறது. அந்தப் பவுடர் நம் எல்லோருடைய வீட்டிலிருந்தும் போகிறது. மீன், சோப்பு, சாக்கடை, டேங்கர், வாடகை எல்லாம் ஒரே சங்கிலி. அந்தச் சங்கிலியை முழுசாகப் பார்த்து, நம் பேரப்பிள்ளைகளுக்கும் தண்ணீர் மிஞ்ச என்ன வழி என்று தேடுகிற படிப்புக்குத்தான் நிலைத்தன்மை அறிவியல் என்று பெயர். ஆய்வகத்தில் உட்கார்ந்து இதில் பாதியைத்தான் கண்டுபிடிக்க முடியும். மீதி உங்கள் வீட்டில் இருக்கிறது.

"பதில் சொல்லியே ஆகணுமா? ஒரு பேப்பர்ல கையெழுத்து வேற கேக்கறாங்க. நாளைக்கு வீட்டை இடிக்க வந்தா இந்தப் பேப்பரைக் காட்டுவாங்களா?"

பதில் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. பாதியில் நிறுத்தலாம், ஒரு கேள்வியை மட்டும் தாண்டிப் போகச் சொல்லலாம். அதற்காக ரேஷனோ வேறு எதுவுமோ நிற்காது. அந்தக் காகிதம் சம்மதப் படிவம். வந்தவர் உங்களிடம் விஷயத்தை விளக்கிச் சொன்னார், நீங்களாகச் சம்மதித்தீர்கள் என்பதற்கான சாட்சி அது. தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், ஒரு நகலை வாங்கி வையுங்கள். ஆய்வு நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரமும் அதில் இருக்கவேண்டும். தவறாக நடந்துகொண்டால் அங்கே புகார் சொல்லலாம்.

இடிப்பு பயம் பொய்யில்லை. ராஜகாலுவே ஓரத்தில் குடியிருக்கிறவர்களுக்கு அந்தப் பயம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. அதனால் வீட்டு எண், பட்டா இருக்கிறதா இல்லையா, எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்ற கேள்விகள் வந்தால், இது எதற்கு என்று கேளுங்கள். தண்ணீர் ஆய்வுக்குப் பட்டா விவரம் தேவையே இல்லை என்றால் சொல்லாதீர்கள். பெயரையும் போன் நம்பரையும் எங்கே வைப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்றும் கேட்கலாம். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே, நம்மைப் பற்றிய விவரத்தை நம் சம்மதத்தோடு, சொன்ன காரணத்துக்கு மட்டும் பயன்படுத்தவேண்டும் என்பதுதான்.

"அரை நாள் கூலியை விட்டுட்டு உக்காந்து பதில் சொல்றோம். காசு குடுப்பாங்களா?"

இழந்த நேரத்துக்கும் போக்குவரத்துக்கும் ஈடு கொடுப்பது முறைதான். நானே பட்ஜெட் போடும்போது அதைச் சேர்க்கச் சொல்வேன். ஆனால் 'இந்தப் பதில் சொன்னால் இவ்வளவு' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

"படிச்சவங்களுக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரியப்போகுது?"

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு ஒரு குழு ராஜகாலுவேயில் தண்ணீர் சாம்பிள் எடுக்க வந்தது. எல்லாம் முறைப்படி செய்தார்கள். பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி, காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, மூடி, தேதி எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். மூன்று வாரம் இப்படி எடுத்தார்கள், எப்போதும் காலை பதினோரு மணிக்கு. அளவுகள் வழக்கமான சாக்கடைத் தண்ணீருக்கு உரியவையாகத்தான் வந்தன. ஆனால் கீழே இருக்கும் ஏரியில் மீன் செத்துக்கொண்டே இருந்தது.

பூ கட்டி விற்கிற ஒரு அம்மா, விடியற்காலை இரண்டு மணிக்கு மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறவர், அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பதினோரு மணிக்கு எடுத்தா என்ன தெரியும்? ராத்திரி ரெண்டு, ரெண்டரைக்குத்தான் அது ஊதா கலர்ல வரும். கண்ணு எரியும்." மறுநாள் ராத்திரி போனோம். டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் ஊதாவாகத்தான் ஓடியது. ஆய்வின் திட்டத்தையே மாற்றி, இருபத்து நான்கு மணி நேரமும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுக்க ஆரம்பித்தார்கள். அந்த அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் தினமும் அந்த நேரத்தில் அந்தக் கால்வாயைத் தாண்டிப் போகிறவர் அவர் ஒருவர்தான்.

பழைய விஷயங்களிலும் இப்படித்தான். கண்டீரவா ஸ்டேடியம் இருக்கிற இடத்தில் சம்பங்கி ஏரி இருந்தது. அந்த ஏரி எப்படி மைதானமானது என்று ஆராய்ந்தவர்கள் பழைய வரைபடங்களையும் அரசாங்கக் கோப்புகளையும் மட்டும் பார்க்கவில்லை, முதியவர்களிடமும் உட்கார்ந்து கேட்டார்கள். அந்தத் தண்ணீரை நம்பித் தோட்டம் போட்டவர்கள் திகளர்கள், பல தலைமுறைக்கு முன்பே தமிழ் பேசிக்கொண்டு இங்கே வந்து குடியேறியவர்கள். அவர்களுடைய கரகத் திருவிழாச் சடங்குகளில், அந்த ஏரியின் மிச்சமாக இருக்கிற சின்னக் குளத்துக்கு இன்றும் இடம் உண்டு. கோப்பில் அழிந்துபோன ஏரி சடங்கில் இருக்கிறது.

"தண்ணி நல்லா இருக்கான்னு கேட்டா ஒரு மீட்டரை முக்கி 'டிடிஎஸ் 640'ன்னுட்டுப் போயிட்டாங்க. குடிக்கலாமா கூடாதா?"

அந்த மீட்டர் தண்ணீரில் உப்புகள் எவ்வளவு கரைந்திருக்கின்றன என்று மட்டும்தான் காட்டும். இந்தியத் தர அளவின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சாக்கடை கலந்திருக்கிறதா, கிருமி இருக்கிறதா என்று அது சொல்லாது. 200 காட்டுகிற தண்ணீரிலும் கிருமி இருக்கலாம்.

போர்வெல் தண்ணீர் என்றால் நைட்ரேட்டும் கிருமியும் பார்த்தீர்களா என்று கேளுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, கைக்குழந்தைக்குப் பால் கரைக்கிற வீட்டில் ரொம்பவே கவனம் வேண்டும். நைட்ரேட் காய்ச்சினால் போகாது. கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சின்னக் குப்பியில் தண்ணீர் ஊற்றி வைக்கிற எளிய சோதனை இருக்கிறது. ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். தெருப் பெண்களே அதைச் செய்து குறித்து வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"பத்து வருஷமா வராங்க, எழுதிக்கிறாங்க, போறாங்க. ஒண்ணும் மாறல. நாங்க எதுக்கு நேரத்தைக் குடுக்கணும்?"

கோபம் நியாயமானது. நான் வேலை செய்த ஒரு திட்டத்தில் நானூறு வீடுகளில் பேசினோம், ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றேகால் மணி நேரம். கட்டுரை வெளிவந்தது. அந்த நானூறு வீட்டில் ஒன்றுக்கும் ஒரு துண்டுக் காகிதம்கூடப் போகவில்லை. அடுத்த வருடம் அதே தெருவுக்கு வேறு வேலையாகப் போனபோது, "என்னம்மா, எங்க பதில்ல ஃபெயிலா பாஸா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், முடிவுகளைத் தெருவுக்குத் திருப்பிக் கொண்டுவருவதாக எழுதிக் கொடுக்காத குழுவோடு இனிமேல் போவதில்லை என்று.

ஆனால் ஆய்வாளர் அதிகாரி இல்லை. சாக்கடைக் குழாய் போடவோ டேங்கர் அனுப்பவோ அவரால் முடியாது. அவரால் தர முடிந்தது ஆதாரம். அதை யார் கையில் எடுத்துக்கொண்டு வார்டு அலுவலகத்துக்குப் போகிறார்கள் என்பதில்தான் மாற்றம் இருக்கிறது. "நாத்தம் அடிக்குது சார்" என்று மனு கொடுப்பதும், "இந்த ஏழு இடத்தில், இந்த நேரத்தில், இவ்வளவு" என்று அட்டவணையோடு மனு கொடுப்பதும் ஒன்றில்லை. அதனால் ஆரம்பத்திலேயே பேரம் பேசுங்கள்: எங்கள் நேரத்துக்குப் பதிலாக அந்த அட்டவணை எங்களுக்கு வேண்டும்.

"சரி, நல்லபடியா நடந்த ஒரு உதாரணம் சொல்லுங்க பாப்போம்."

எனக்கு மிகவும் பிடித்தது புரா கிராமத்தின் கதை. தும்கூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1974ல் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டி என்ற வேதியியல் பேராசிரியர், கிராமங்களுக்குப் பயன்படும் தொழில்நுட்பத்துக்காக 'அஸ்த்ரா' என்ற பிரிவைத் தொடங்கினார். அவர்கள் புராவில் ஊர்ப் பொது சாண எரிவாயுக் கலன் கட்டினார்கள். எல்லா வீட்டுக்கும் சமையலுக்கு எரிவாயு கொடுப்பது திட்டம். சரிவரவில்லை. எல்லா அடுப்புக்கும் போதுமான சாணமே ஊரில் இல்லை.

இந்த இடத்தில் பலர் கலனைப் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் ஊரிடம் திரும்பிப் போய், உங்களுக்கு முதலில் வேண்டியது எது என்று கேட்டார்கள். சமையல் எரிவாயு இல்லை, வீட்டுப் பக்கத்தில் குடிதண்ணீர் என்று பதில் வந்தது. 1987ல் அதே எரிவாயுவை இன்ஜினுக்குக் கொடுத்து, மின்சாரம் எடுத்து, போர் தண்ணீரைக் குழாய்க்கு ஏற்றினார்கள், வீடுகளுக்கு விளக்கும் எரிந்தது. சாணம் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்குக் கூலியும், கழிவு உரமும் திரும்பக் கிடைத்தன. கலனை ஓட்டியது ஊர் இளைஞர்கள். தொழில்நுட்பம் அதேதான். கேள்வியை ஊர் மாற்றியது, அப்புறம் அது ஓடியது.

பெங்களூருக்கு உள்ளேயும் உண்டு. சர்ஜாபூர் சாலைப் பகுதியில் பயோம் அறக்கட்டளையும் புனேயின் அக்வாடாம் நிறுவனமும், குடியிருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு நிலத்தடி நீரை வரைபடமாக்கினார்கள். என் போர் இத்தனை அடி, இந்த வருடம் வற்றியது என்று ஒவ்வொருவரும் சொன்னதுதான் அங்கே தரவு. மழைநீரை மண்ணுக்குள் விடுகிற உறைகிணறுகளைத் தோண்டுவதற்கோ, தலைமுறையாகக் கிணறு வெட்டுகிற மண்ணு வட்டர் சமூகத்தின் கைப்பழக்கம் இன்றும் வேண்டியிருக்கிறது.

"நாங்க சொன்னதை வச்சு அவங்க டாக்டர் பட்டம் வாங்கறாங்க, காசும் பாக்கறாங்க. எங்களுக்கு என்ன?"

பெயர் வேண்டும் என்றால் பெயர் போடச் சொல்லலாம், வேண்டாம் என்றால் மறைக்கச் சொல்லலாம். இரண்டும் உங்கள் உரிமை. ஊதாத் தண்ணீரைச் சொன்ன அந்த அம்மாவிடம் கேட்டோம். "பேரு வேண்டாம், ஆனா பூக்காரம்மா சொன்னாங்கன்னு எழுதுங்க" என்றார். அப்படியே எழுதினார்கள்.

பணம் வந்தால் என்ன என்பதற்குப் பொதிகை மலைக் காணிக்காரப் பழங்குடிகளின் அனுபவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1987ல் அந்த மலையில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிகளாக நடந்த காணிகள் களைப்பே இல்லாமல் ஒரு காயைத் தின்றுகொண்டே ஏறினார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து கேரள ஆராய்ச்சி நிலையம் ஒன்று 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாயிலும் விற்பனையில் வரும் 2 சதவீதத்திலும் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடாகி, 1997ல் அவர்கள் பெயரில் அறக்கட்டளை பதிவானது. உலகம் முழுக்க இதை முன்மாதிரியாகச் சொன்னார்கள். ஆனாலும் சில வழிகாட்டிகள் சொன்னதை எல்லாக் காணிகளும் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாமா என்ற மனக்குறை அந்த மக்களிடையே எழுந்தது. அந்தக் கேள்வி அடுத்ததோடு ஒட்டியது.

"ஏரி கமிட்டி அபார்ட்மென்ட்காரங்களும் 'சமூகம்'ங்கறாங்க, நாங்களும் 'சமூகம்'. அவங்க நடைபாதை வேணும்ங்கறாங்க, நாங்க மாட்டுக்குப் புல்லு வேணும்ங்கறோம். ஆய்வாளர் யார் பக்கம்?"

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. பொதுச் சொத்தை அதைப் பயன்படுத்துகிறவர்களே விதி வைத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டியதற்காக அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் 2009ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். அந்தத் துறையில் பரிசு பெற்ற முதல் பெண் அவர். பெங்களூர் ஏரிகளைப் பற்றி இங்கே இருக்கிற சூழலியலாளர் ஹரிணி நாகேந்திராவோடு சேர்ந்தும் ஆய்வு செய்தார். ஆனால் அதைப் படித்துவிட்டு 'மக்கள் கையில் கொடுத்தால் சரியாகிவிடும்' என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். எந்த மக்கள்? கமிட்டிக் கூட்டம் ஞாயிறு காலை ஆங்கிலத்தில் நடந்தால், வீட்டுவேலைக்குப் போகிற பெண்ணும் வலை போடுகிறவரும் அங்கே இருக்கமாட்டார்கள்.

அபார்ட்மென்ட்காரர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் தினமும் நின்று காவல் காத்ததால் பிழைத்த ஏரிகள் இந்த ஊரில் உண்டு. ஆனால் கம்பி வேலி போட்டு, காலை மாலை மட்டும் கேட்டைத் திறந்தால் ஏரி அழகாக இருக்கும், புல் அறுக்கிறவருக்கு வாழ்வு போய்விடும். ஆய்வாளர் நடுநிலை என்று ஒதுங்க முடியாது. கூட்டத்துக்கு வரமுடியாதவரைத் தேடிப் போய்க் கேட்பது அவருடைய கடமை என்பது என் அபிப்பிராயம். உங்கள் பக்கம் கேட்கவில்லை என்றால், "புல்லு அறுக்கறவங்ககிட்ட பேசினீங்களா?" என்று நேராகவே கேளுங்கள்.

"ஆய்வு முடிவு எங்களுக்கே எதிரா வந்துட்டா?"

வரலாம். உங்கள் தெருவின் கழிவுநீர்தான் ஏரிக்குப் போகிறது என்று வந்தால், அதை மறைக்கச் சொல்ல முடியாது. ஆனால் அதை எப்படிச் சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது என்பதில் உங்களுக்குப் பங்கு உண்டு. 'ஆக்கிரமிப்பாளர்களின் கழிவு' என்று எழுதுவதும் 'சாக்கடை இணைப்பே கொடுக்கப்படாத 200 வீடுகளின் கழிவு' என்று எழுதுவதும் ஒரே அளவீட்டைத்தான் சொல்கின்றன. முதலாவது புல்டோசரைக் கூப்பிடும், இரண்டாவது குழாயைக் கூப்பிடும். அச்சுக்குப் போகும் முன் வரைவைத் தெருவில் வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டு வாங்கவேண்டும்.

கோடுகளும் மாறும். 2016ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஏரியைச் சுற்றி 75 மீட்டர் கட்டடம் கூடாது என்றது, 2019ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதனால் 'இவ்வளவு மீட்டருக்குள் இருக்கிறீர்கள்' என்று யார் சொன்னாலும், எந்த விதிப்படி, எந்தத் தேதியில் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

"அக்கா, நான் எம்.எஸ்ஸி பண்றேன், அம்மா சேலம். தமிழ் தெரியும், அதனால ஃபீல்ட் வொர்க் ஈஸியா இருக்கும்ல?"

கதவு சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதான். 'நீரின் தரம் குறித்த தங்கள் கருத்து' என்று கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். "தண்ணி எப்போ நாத்தம் அடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். நம் ஆட்களின் தமிழில் கெரே (ஏரி), நல்லி (குழாய்), ராஜகாலுவே எல்லாம் கலந்திருக்கும், திருத்தாதீர்கள். காவேரித் தண்ணீர் விடுகிற நாளில் போகாதீர்கள், அன்றைக்கு எல்லோரும் குடத்தோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். வீட்டுவேலைக்குப் போகிறவர்கள் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் திரும்புவார்கள். கொடுத்த டீயைக் குடியுங்கள்.

உங்கள் கேள்வித்தாளைத் திறப்பதற்கு முன், போன தடவை வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். யாரும் திரும்பி வரவில்லை என்றால் அந்த அறிக்கையைத் தேடி எடுத்து, தமிழில் ஒரு பக்கமாக எழுதி, முதலில் அதைப் படித்துக் காட்டுங்கள். போன மாதம் ஒரு மாணவி அப்படித்தான் செய்தாள். திண்ணையில் உட்கார்ந்து அட்டவணையை விரித்தபோது, ஒரு பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "இதுல என் வீட்டு போர் எந்த வரிசையில இருக்கு?" பதினான்காவது வரிசை. மாணவி பாட்டியின் விரலைப் பிடித்து அங்கே வைத்தாள்.